கிடாரியின் மேல் எழுதியிருந்தது

வெள்ளியம்வலசில் புதன்கிழமைதோறும் மாட்டுச் சந்தை கூடும், அந்தச் சந்தையில் யாரும் விலையை வாயால் சொல்வதில்லை. தரகர் தன் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து எதிரில் நிற்பவர் கைமேல் போட்டு, துண்டுக்கடியில் விரலைப் பிடிப்பார். எத்தனை விரல், எத்தனை அழுத்தம் என்பதுதான் விலை, அது பிடித்தவருக்கும் பிடிபட்டவருக்கும் மட்டுமே தெரியும். துண்டு விழுந்துவிட்டால் பக்கத்தில் நிற்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் திருப்பாமல் நின்றவனுக்கு அடுத்த வாரம் டீக்கடையில் உட்கார இடம் கிடைக்காது.

அந்த ஊரில்தான், திடலின் ஓரத்தில் செல்போன் கோபுரம் நட்டுச் சில வருஷம் கழித்து, ஆவணி மாதத்து ஒரு புதன்கிழமை, போன் வழியாகப் போகிற சேதிகளெல்லாம் மாடுகளின் மேல் எழுத்தாக வரத் தொடங்கின. முதலில் வந்தது கருப்பணனின் வெள்ளைக் காளைமேல். வலது விலாவில், குண்டு குண்டான எழுத்தில், ‘வரும்போது சின்ன வெங்காயம் அரைக் கிலோ’ என்று இருந்தது. டீக்கடைக்காரர் மனைவி வந்து பார்த்து, “அரைக் கிலோ இல்லீங்க, நான் ஒரு கிலோன்னு போட்டேன்” என்றாள். போனை எடுத்துப் பார்த்தால் அரைக் கிலோ என்றுதான் இருந்தது. மாடு சரியாகவே எழுதியிருந்தது.

வெள்ளை மாட்டில் கறுப்பாகவும் கறுப்பு மாட்டில் சாம்பலாகவும் செவலையில் கொஞ்சம் மங்கலாகவும் எழுத்து வந்தது. மை அல்ல, ரோமமே நிறம் மாறி எழுத்தாகியிருந்தது. தேய்த்துக் குளிப்பாட்டினாலும் போகாது, அந்த ரோமம் உதிர்ந்து புது ரோமம் முளைத்தால்தான் போகும். போனில் அழித்த சேதி மாட்டில் அழியவில்லை. எழுதாமல் பேசினாலும் பேசியது எழுத்தாக வந்தது. கோயமுத்தூர் போய் அங்கிருந்து தம்பியோடு பேசிவிட்டு வந்த ஒருவர், பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தான் பேசியது ஒரு எருமையின் முதுகில் முழுதாக இருப்பதைக் கண்டு, எருமையோடு சேர்ந்து நடந்துகொண்டே படித்துப் பார்த்து, ஓரிடத்தில்கூடப் பிசகு இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

கால்நடை டாக்டர் வந்து படர்தாமரை என்று களிம்பு கொடுத்தார். கோபுரத்தைப் பார்த்துக்கொள்கிறவர்கள் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்குள் ஊர் இதற்குப் பழகிவிட்டது. மாடு வாங்க வருகிறவர்கள் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழியைத் தடவிப் பார்த்து, பிறகு மேலே இருப்பதைப் படித்தார்கள்.

“நாலு பல்லுங்கறீங்க. மேல எழுதியிருக்கறது அறுபது வயசுக்காரன் பேச்சாட்டம் இருக்குதுங்களே.”

“அது எங்க சித்தப்பன் எழுதுனதுங்க. அவருக்கும் மாட்டுக்கும் சம்பந்தம் இல்லீங்க.”

“யாருக்கு எழுதுனாரு?”

“அதையெதுக்குக் கேக்கறீங்க, மாட்டைப் பாருங்க.”

ஆனால் கேட்கத்தான் கேட்டார்கள். சண்டை எழுதியிருந்த மாட்டைச் சுற்றிக் கூட்டம் நின்றது. நோய் எழுதியிருந்த மாடு விலை இறங்கியது. மாடே வாங்காதவர்கள், வாழ்நாளில் சாணி மிதிக்காதவர்கள், புதன்கிழமை காலையில் குளித்துவிட்டுச் சந்தைக்கு வந்தார்கள். மாட்டின் மேல் துண்டு எதுவும் விழவில்லையே, முகத்தை எதற்குத் திருப்ப வேண்டும் என்று ஊரில் எல்லோரும் ஒரே மாதிரி நினைத்துக்கொண்டோம்.

இப்படி எல்லாருக்கும் விளையாட்டாக இருந்தது ஒருத்திக்கு உயிரை எடுப்பதாக இருந்தது. அவள் பெயர் வளர்மதி. சந்தைத் தரகர் சென்னியப்பனின் தங்கை. அடுத்த தெரு ரகுபதிக்கு வாழ்க்கைப்பட்டு, அவன் கையிலும் பெல்ட்டிலும் ஐந்து வருஷம் அடி வாங்கி, புரட்டாசியில் ஒரு நாள் விடியும் முன்னே கொல்லைக் கதவு வழியாக வெளியேறினாள். நான்கு வயது மகள் நிவிதாவைத் தூக்கிக்கொள்ள முடியவில்லை. குழந்தை அப்பன் பக்கத்தில், அவன் கை அதன்மேல் கிடக்கத் தூங்கிக்கொண்டிருந்தது. போகிற வழியில் அண்ணன் வாசலில் நின்று தான் போகும் ஊரின் பெயரை மட்டும் அவன் காதில் சொல்லிவிட்டுப் போனாள். பிள்ளை தாயிடம் இருக்கலாம், அழைத்து வந்துவிட்டால் மேற்கொண்டு கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த ஊரில் ஒரு வக்கீல் சொன்னார். அழைத்து வருவது எப்படி என்பதுதான் தெரியவில்லை.

போய்ச் சேர்ந்ததும் வளர்மதி அண்ணனுக்கு ஒரே ஒரு சேதி அனுப்பினாள். ‘அண்ணா நான் நல்லா இருக்கேன், பாப்பாவ எப்படியாவது’ என்ற அளவில் இருந்தது. சென்னியப்பன் அதைப் போனில் படிக்கும் முன்பே ரகுபதி அதைச் சந்தையில் ஒரு பசுவின் தொடையில் படித்துவிட்டான். படித்துவிட்டு நேராகச் சென்னியப்பனிடம் வந்தான்.

“மச்சான், எங்க இருக்கறான்னு நான் கேக்கமாட்டேன். எப்பவாச்சும் ஒரு நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் எழுதித்தான ஆகோணும். எழுதுனா நான் படிப்பேன்.”

அன்றிலிருந்து அண்ணனும் தங்கையும் ஒரு எழுத்துகூட எழுதிக்கொள்ளவில்லை. தபாலும் முடியாது, ஊர்த் தபால் பையைப் பிரிக்கிறவன் ரகுபதியின் பெரியப்பா மகன். சென்னியப்பன் பஸ் ஏறினால் பின்னாலேயே ரகுபதியின் பைக் வந்தது. மாடு வைத்திருக்கிற வீடுகளுக்கெல்லாம் ரகுபதி போகவர ஆரம்பித்தான். மாட்டின் வாலைத் தூக்கிக்கூடப் பார்த்தான்.

இதற்கிடையில் ஊரில் மற்றவர்களும் தங்கள் தங்கள் சேதிக்கு வழி தேடத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் செய்ததையெல்லாம் சென்னியப்பன் ஓரத்தில் நின்று, இது நமக்கு ஆகுமா என்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

முதலில் மாட்டுக்குச் சாக்குப் போர்த்தினார்கள். எழுத்து சாக்கின் மேல் ஏறி வந்தது. சாக்கின் மேல் ஜமுக்காளம் போட்டார்கள், ஜமுக்காளத்திலும் வந்தது. வெளியே வந்துவிட்டதை மூடுவதில் பயனில்லை என்று அப்போது புரிந்தது.

பிறகு தரகர் பாஷையில் எழுதிப் பார்த்தார்கள். நூறுக்கு ஒரு சொல், ஆயிரத்துக்கு ஒரு சொல், வேண்டாத மாட்டுக்கு ஒரு சொல், ஏமாளிக்கு ஒரு சொல் என்று சந்தையில் தலைமுறையாகப் புழங்குகிற பாஷை அது. வெளியூர்க்காரனுக்கு விளங்காது. ஆனால் வெள்ளியம்வலசில் பால் குடிக்கிற குழந்தைக்கும் அது தெரியும், படிக்கிறவர்கள் அத்தனை பேரும் வெள்ளியம்வலசுக்காரர்கள். இவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. ஊர் முழுக்கத் தெரிந்த ரகசியத்தை ரகசியம் என்று நம்பி மூன்று வாரம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அதற்கப்புறம் கருப்பணனின் மகனும் அவன் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணும் தங்களுக்கென்று புதிதாக ஒரு பாஷை செய்தார்கள். ‘தவிடு’ என்றால் பாசம், ‘பிண்ணாக்கு’ என்றால் சினிமா. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆனால் எந்தச் சொல்லுக்கு எது அர்த்தம் என்பதை அவன் அவளுக்குப் போனிலேயே அனுப்பியிருந்தான், அது கருப்பணனின் காளைமேலேயே கழுத்திலிருந்து வால்வரை வந்து நின்றது. அடுத்த சந்தையில் அவனைப் பார்த்தவர்களெல்லாம், “மாப்ள, இன்னிக்குப் பிண்ணாக்கு எந்தத் தேட்டர்ல?” என்று கேட்டார்கள்.

சென்னியப்பன் சிரிக்கவில்லை. அவனுக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. அனுப்பிய பிறகு மூட முடியாது, அனுப்பும்போதே மூடியிருக்க வேண்டும். மூடியதைத் திறக்கிற வழி ஊருக்குத் தெரியக் கூடாது, இரண்டு பேருக்கு மட்டும் தெரிய வேண்டும். அந்த வழியைப் போனில் சொல்லவே கூடாது, கையோடு கை வைத்துத்தான் சொல்ல வேண்டும். தலைமுறையாகத் துண்டுக்கடியில் அவர்கள் செய்துகொண்டிருந்ததும் அதுதான். ஆனால் தங்கையின் கை மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. துண்டு அவ்வளவு நீளம் இல்லை.

ஐப்பசி கடைசிப் புதன்கிழமை அவன் எதிரில் ஒரு கை நீண்டது. வளையல் போட்ட கை. எங்கள் சந்தையில் பெண்கள் மாடு பிடித்து வருவார்கள், பால் விற்பார்கள், விலை சரியில்லை என்று சத்தமும் போடுவார்கள், ஆனால் துண்டுக்கடியில் கை கொடுத்ததில்லை. கையை நீட்டியவர் ரகுபதியின் தாய் பாவாயி அம்மாள்.

“துண்டைப் போடு தம்பி.”

“அத்தை, உங்ககிட்ட விக்கறதுக்கு மாடு ஏது?”

“போடுங்கறேன்.”

ரகுபதி திடலின் அந்தக் கோடியில் ஒரு காளையின் அடிவயிற்றைக் குனிந்து படித்துக்கொண்டிருந்தான். சென்னியப்பன் துண்டைப் போட்டான். சுற்றி நின்றவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கருப்பணன்தான் முதலில் முகத்தைத் திருப்பினார், பிறகு மற்றவர்களும் திரும்பிக்கொண்டார்கள். துண்டு துண்டுதான், அடியில் எந்தக் கை இருந்தால் என்ன.

பாவாயி அம்மாள் அவன் காதருகில் ஒரே ஒரு சொல் சொன்னார். வளர்மதி இருக்கும் ஊரின் பெயர்.

அந்தப் பெயர் தனக்கும் தங்கைக்கும் மட்டும் தெரியும் என்று சென்னியப்பன் நினைத்திருந்தான். கையை உருவப் பார்த்தான். அவர் விடவில்லை.

“பயப்படாத. அவனுக்குத் தெரிஞ்சிருந்தா இன்னும் இங்க மாட்டு வயித்தைப் படிச்சிட்டிருப்பானா?”

“உங்களுக்கு யாரு சொன்னது?”

“அந்தக் கொல்லைக் கதவு தானாத் தொறந்துக்கிச்சுன்னா நெனச்ச? எந்த ஊரு, எந்த விடுதி, யாரைப் பாக்கோணும்னு சொல்லி அனுப்பிச்சதே நாந்தான்.”

அவன் கையை உருவப் பார்ப்பதை நிறுத்தினான். பாவாயி அம்மாள் மேலும் சொன்னார்.

“நான் வாக்கப்பட்டு வந்து அடி வாங்கறப்ப என்ற மாமியா மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. உன்ற தங்கச்சி வாங்கறப்ப நானும் நாலு வருசம் திருப்பிக்கிட்டேன். மூஞ்சியத் திருப்பறது துண்டுக்குக் குடுக்கற மரியாதை தம்பி. அடிக்கு இல்ல.”

“பாப்பா?”

“நான் கூட்டியாந்து குடுக்கறேன். ஆனா என்னிக்குன்னு இப்பச் சொல்ல முடியாது. அவன் எப்ப அசருவான்னு பாத்துத்தான் நாள் வெக்கோணும். வர்ற வெள்ளிக்கிழமை பழனிக்கு வேன்ல போறோம். சாமி கும்பிட்டுட்டு ஒரு எட்டு அவளைப் பாத்துட்டு வந்துருவேன். ஒருக்காத்தான் போக முடியும். நாள் வெச்சதும் நீ எழுதற மாதிரியும் அவ படிக்கற மாதிரியும் எதாச்சும் ஒண்ணு சொல்லு, கொண்டுபோய்க் குடுத்தர்றேன். எனக்கு எழுத்துத் தெரியாது, அதைப் பாத்துக்க.”

“எழுத்து வேண்டாங்க அத்தை. விரல் போதும்.”

சென்னியப்பன் துண்டுக்கடியில் மூன்று விரலை அழுத்தினான். பிறகு ஒன்று. பிறகு நான்கு.

“மூணு வார்த்தைய உட்டுட்டு அடுத்ததை எடுக்கோணும். அப்பறம் ஒண்ணு உட்டுட்டு எடுக்கோணும். அப்பறம் நாலு. மறுபடி மூணுல இருந்து. எடுத்ததை மட்டும் சேத்துப் படிச்சா அதுதான் நான் சொல்றது. மத்ததெல்லாம் தவுடு.”

பாவாயி அம்மாள் அவன் கையில் திருப்பி அழுத்தினார். மூன்று, ஒன்று, நான்கு. துண்டு எடுக்கப்பட்டது. “வெலை படியலையா?” என்று யாரோ கேட்டார்கள். “படிஞ்சுது” என்றார் பாவாயி அம்மாள்.

பழனிக்குப் போய்வந்து ஊர் முழுக்கப் பஞ்சாமிர்தம் கொடுத்தார். சென்னியப்பனுக்கு டப்பாவை நீட்டும்போது அதன் அடியில் அவன் உள்ளங்கையை மூன்று, ஒன்று, நான்கு என்று அழுத்தினார். கொண்டுபோனது சேர்ந்துவிட்டது என்று அதற்குப் பொருள். பிறகு புதன்கிழமைதோறும் பேத்தியைச் சந்தைக்குக் கூட்டிவந்து வடக்கு வாசலில் பொரி உருண்டை வாங்கிக் கொடுக்கும் பழக்கத்தை உண்டாக்கினார். மகனும் பேத்தியும் அவரும் சந்தையில் இருப்பது ஊருக்குப் பழகிப்போயிற்று. இனி மகன் மட்டும் இல்லாத ஒரு புதன்கிழமை வேண்டும்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை சென்னியப்பன் போனை எடுத்து எழுதி அனுப்பினான். அது கருப்பணன் வீட்டில் இன்னும் கன்று ஈனாத மயிலைக் கிடாரி ஒன்றின் இடது பக்கம் முழுக்க, தோளிலிருந்து தொடைவரை வந்தது.

‘செவலைக் கிடாரி போன புதன் சந்தைக்குக் காலை வந்தது. பல்லு நாலு, சுழி வடக்கு பாத்து இருக்குது. நம்ம வாசல் வந்தா மட்டும் தவுடு தின்னும். நீயும் ஒருக்கா வா பாக்கலாம்.’

ஞாயிற்றுக்கிழமை ரகுபதி அதைக் கண்டுபிடித்தான். அவன் முட்டாள் அல்ல, பல்லும் சுழியும் பேசி ‘நீயும் வா’ என்று எழுதுகிற தரகன் யார், யாருக்கு எழுதுகிறான் என்று உடனே புரிந்துகொண்டான். இரண்டு மாதம் கழித்து அண்ணன் தங்கைக்கு எழுதுவது கிடாரியைப் பற்றியா என்று நின்று யோசித்தான்.

“கிடாரிங்கறது யாருன்னு எனக்குத் தெரியாதா? என்ற மகளைச் சொல்றான். நம்ம வாசல்னா அவன் ஊட்டு வாசல். அங்க வரச் சொல்றான்” என்றான் கருப்பணனிடம்.

“இருக்குமுங்க” என்றார் கருப்பணன். அவருக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாது.

என்றைக்கு என்று கிடாரி சொல்லவில்லை. அதனால் அன்று மாலையே ரகுபதி தன் பைக்கைச் சென்னியப்பன் வீட்டுக்கு எதிரில் நிறுத்தி அதன்மேல் உட்கார்ந்தான். திங்கட்கிழமையும் உட்கார்ந்தான், செவ்வாய்க்கிழமையும் உட்கார்ந்தான். புதன்கிழமை காலையில் சென்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவனைக் கடந்து சந்தைக்குப் போனான். ரகுபதி அசையவில்லை. எல்லோரையும் சந்தைக்கு அனுப்பிவிட்டு இந்த வாசலுக்குத்தான் அவள் வருவாள் என்று அவனுக்கு இப்போது உறுதியாகிவிட்டது.

மலைக்கு அந்தப் பக்கம் வளர்மதி வேறொன்றைப் படித்திருந்தாள். புதன், காலை, வடக்கு, வாசல், மட்டும், வா.

அவள் மாடு ஏற்றிவந்த ஒரு லாரிக்குப் பின்னாலிருந்து நடந்து வந்தாள். சேலைத் தலைப்பைத் தலைமேல் போட்டிருந்தாள், ஆனாலும் அந்த நடையை அறியாதவர்கள் அந்தச் சந்தையில் யாரும் இல்லை. பாவாயி அம்மாள் பேத்தியோடு வடக்கு வாசல் கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். குழந்தையின் கன்னமெல்லாம் வெல்லம்.

குழந்தை அம்மாவைப் பார்த்து உடனே ஓடவில்லை. “நீ எங்க போன?” என்று கேட்டது.

“இப்ப உன்னையும் கூட்டிட்டுப் போறேன் கண்ணு.”

“அப்பத்தா?”

பாவாயி அம்மாள் குழந்தையின் பிசுபிசுத்த கையைப் பிடித்து மருமகள் கையில் வைத்தார். வைத்துவிட்டுத் தன் கையை எடுக்க மறந்து நின்றார். சென்னியப்பன் தோளிலிருந்த துண்டை எடுத்து அந்த மூன்று கைகள்மேலும் போட்டான்.

துண்டு விழுந்தது. கருப்பணன் திரும்பினார். டீக்கடைக்காரர் பாத்திரத்தைப் பார்த்துத் திரும்பினார். விற்க வந்தவர்கள், வாங்க வந்தவர்கள், மாட்டைப் படிக்க வந்தவர்கள், மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்கள் என்று சந்தை முழுவதும் தெற்குப் பக்கம் திரும்பி நின்றது. மாடுகள் மட்டும் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தன. துண்டுக்கடியில் என்ன படிந்தது, எத்தனை நேரம் படிந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. லாரி கிளம்புகிற சத்தம் கேட்டுத் திரும்பியபோது சென்னியப்பன் துண்டை உதறிக்கொண்டிருந்தான், பாவாயி அம்மாள் பொரி உருண்டையின் மீதியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

அன்று முழுவதும் வெள்ளியம்வலசில் யாரும் போனைத் தொடவில்லை. யாரும் யாருக்கும் சொல்லி வைத்துக்கொள்ளவில்லை, ஆனாலும் தொடவில்லை. மறுநாள் காலையில் ஊரில் எந்த மாட்டின் மேலும் புதிதாக ஒரு எழுத்துகூட வரவில்லை.

சந்தை நடந்த அன்று மாலையே விஷயம் தெரிந்து ரகுபதி சந்தைக்கு ஓடி வந்தான். ஒவ்வொருவரையாகப் பிடித்துக் கேட்டான்.

“எந்தப் பக்கம் போனாங்க? நீங்க பாக்கலையா?”

“துண்டு உழுந்துச்சு தம்பி. திரும்பிக்கிட்டோம்.”

“எல்லாருமா?”

“எல்லாருந்தான்.”

வீட்டுக்கு வந்து தாயிடம் கேட்டான். “வந்தா, கேட்டா, குடுத்தேன். பெத்தவ கேட்டாக் குடுக்காம என்ன பண்றது?” என்றார் பாவாயி அம்மாள். அவன் கையை ஓங்கினான். அவர் முகத்தைத் திருப்பாமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கை கீழே இறங்கியது. ஒரு வாரம் கழித்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. கோர்ட்டில் அவன் என்னென்னவோ பேசிப் பார்த்தான், குழந்தை தாயிடமே இருக்கட்டும் என்றுதான் ஆயிற்று.

ஆனால் நாளையும் இடத்தையும் அவள் எப்படித் தெரிந்துகொண்டாள் என்பது ரகுபதியை விடவில்லை. சேதி அந்த மயிலைக் கிடாரியின் மேல்தான் இருக்கிறது, தான் சரியாகப் படிக்கவில்லை என்று அவனுக்குத் தோன்றியது. மார்கழியில் அவன் கருப்பணனிடம் கிடாரியை விலைக்குக் கேட்டான். கருப்பணனுக்கு எப்போதும் தரகு பேசுவது சென்னியப்பன். யார் வாங்குகிறார் என்று பார்த்துத் தரகர் மறுக்கக் கூடாது, அதுவும் சந்தை வழக்கம். மச்சானும் மாப்பிள்ளையும் எதிரெதிரே நின்றார்கள். துண்டு விழுந்தது. நாங்கள் திரும்பிக்கொண்டோம். முடிந்த பிறகு ரகுபதியே வாய்விட்டு, “முப்பத்தோராயிரத்து நானூறு, அதென்ன மச்சான் கணக்கு, நானூறு எதுக்கு?” என்று கேட்டான்.

“அது அப்படித்தாங்க மாப்ள” என்றான் சென்னியப்பன்.

இப்போது அந்தக் கிடாரி ரகுபதியின் வாசலில் கட்டியிருக்கிறது. அதற்குத் தவிடு வைப்பதும் தண்ணீர் காட்டுவதும் பாவாயி அம்மாள். ரோமம் இன்னும் உதிரவில்லை. சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் ரகுபதி அதன் பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, விரலை எழுத்தின் மேல் வைத்துச் சத்தமாகப் படிக்கிறான். தலைகீழாகப் படிக்கிறான், வரி மாற்றிப் படிக்கிறான், கடைசியில் மறுபடியும் முதலிலிருந்து நிதானமாகப் படிக்கிறான்.

“அம்மா, உனக்கு ஏதாச்சும் வெளங்குதா?”

“எனக்கு எழுத்தே தெரியாதே கண்ணு. நீ படி, கேக்கறேன்.”

அவன் படிக்கிறான். பாவாயி அம்மாள் முந்தானைக்கடியில் கையை வைத்துக்கொண்டு, மூன்று விரலை மடக்கி ஒன்றை எடுக்கிறார். ஒரு விரலை மடக்கி ஒன்றை எடுக்கிறார். நான்கை மடக்கி ஒன்றை எடுக்கிறார். மகன் வாயிலிருந்தே நாள் வருகிறது, வேளை வருகிறது, வாசல் வருகிறது. ‘வா’ என்ற சொல் வரும்போது அவர் கை முந்தானைக்கடியில் ஒரு சின்னக் கையைப் பிடித்திருப்பதுபோல மூடிக்கொள்கிறது.